அம்மைக்கு நாலாம் நிலை மார்பகப் புற்று: புது மருந்துக்குக் கொடுக்கிற பைசாவுக்கு எவ்வளவு பலன்?

தோட்டத்துமகன், குலசேகரம் (திங்கள், இரவு 10.20)

எல்லாருக்கும் வணக்கம். அம்மைக்கு 61 வயசு. எட்டு வருஷத்துக்கு முன்னால இடது மார்புல ஆபரேஷன் பண்ணி, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிஞ்சு, அஞ்சு வருஷம் மாத்திரையும் சாப்பிட்டு நிறுத்தியாச்சு. நல்லாத்தான் இருந்தாவ. ரெண்டு மாசமா இடுப்பு வலி. தோட்டத்துல குனிஞ்சு வேலை செய்யுற வலின்னு நினைச்சு தைலம் போட்டுக்கிட்டே இருந்துட்டோம். ஸ்கேன்ல இடுப்பு எலும்புலயும் முதுகெலும்புல ரெண்டு இடத்துலயும் பரவிட்டுன்னு வந்திருக்கு.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில புற்று செல் பெருகுறதைத் தடுக்கிற ரைபோசைக்ளிப்னு மாத்திரை, கூட ஹார்மோனைக் குறைக்கிற லெட்ரோசோல், உடனே ஆரம்பிக்கணும்னு சொன்னாவ. இன்னொரு டாக்டர் அதே வகையில உள்ள பால்போசைக்ளிப் போதும், அது இப்பம் விலை குறைஞ்சாச்சுன்னு சொன்னாரு. சொந்தத்துல ஒரு அண்ணன், லெட்ரோசோல் மட்டும் கொடு, மிச்சமெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம்ங்காரு.

எங்களுக்கு இருக்கது 40 சென்ட் ரப்பர், பின்னே நான் வெளுப்பாங்காலம் போய் பால் வெட்டுற கூலி. நிலத்தை விக்கலாம்னு நான் சொன்னா அம்மை சோறு தின்ன மாட்டேங்காவ. இந்த மருந்துக்குப் பைசா போட்டா நிஜமா எவ்வளவு காலம் கிடைக்கும்? தெரிஞ்சவங்க ஒளிக்காம சொல்லுங்க.

அருமனைநர்ஸ், இங்கிலாந்து (திங்கள், இரவு 11.45)

தம்பி, முதல்ல மூணு விஷயம் சொல்லுங்க. பயாப்சி ரிப்போர்ட்ல ஈஆர், பிஆர் (புற்று செல்லுல ஹார்மோனைப் பிடிக்கிற ஏற்பிகள்), ஹெர்-2 (செல்லை வளரத் தூண்டுற ஒரு புரதம்) மூணும் என்ன போட்டிருக்கு? பழைய ரிப்போர்ட்டா, இப்பம் புதுசா எடுத்ததா? ஈரல், நுரையீரல்ல ஏதாவது இருக்கா? இது தெரியாம யாரு என்ன சொன்னாலும் காதுல வாங்காதீங்க. மார்பகப் புற்றுன்னு ஒரே பேருதான், உள்ளுக்குள்ள மூணு நாலு வேற வேற நோய். ஒருத்தருக்கு உயிர் கொடுக்கிற மருந்து இன்னொருத்தருக்கு வெறும் செலவு.

தோட்டத்துமகன் (செவ்வாய், காலை 11.10)

அக்கா, இப்பம் எலும்புல இருந்து எடுத்த பயாப்சிதான். ஈஆர் பாசிட்டிவ் 90 சதவீதம், பிஆர் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ். ஈரல், நுரையீரல்ல ஒண்ணும் இல்ல.

கணக்காய்வு, நாகர்கோவில் (செவ்வாய், மதியம் 2.30)

மருத்துவச் செலவையும் பலனையும் எடை போடுவதுதான் என் படிப்பு. நான் டாக்டர் இல்லை. எண்களை மட்டும் சொல்கிறேன், முடிவு உங்கள் டாக்டரோடு.

உங்கள் அம்மா மாதிரி ஈஆர் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் உள்ளவர்களிடம் இந்த மாத்திரைகளை நன்றாகச் சோதித்திருக்கிறார்கள். லெட்ரோசோல் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றாமல் நின்ற காலம் நடுமதிப்பில் (பாதிப் பேருக்கு இதைவிடக் கூட, பாதிப் பேருக்குக் குறைவு) 14.5 மாதம். பால்போசைக்ளிப்பும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு 24.8 மாதம். ஆகவே "கம்பெனி வியாபாரம்" என்று ஒதுக்கிவிட முடியாது. பத்து மாதம் கீமோ இல்லாமல், வீட்டில் நடமாடிக்கொண்டு இருப்பது பெரிய விஷயம்.

அடுத்த கேள்வி, ஆயுள் கூடியதா என்பது. அதே சோதனையில் பால்போசைக்ளிப்பும் சாப்பிட்டவர்களுக்கு, சோதனையில் சேர்ந்ததிலிருந்து மொத்த ஆயுள் 53.9 மாதம், லெட்ரோசோல் மட்டும் என்றால் 51.2. புள்ளியியல்படி அதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ரைபோசைக்ளிப்பை லெட்ரோசோலோடு வைத்து நடந்த சோதனையில் 63.9 மாதம், அது இல்லாதவர்களுக்கு 51.4. அங்கே ஆயுளே ஒரு வருஷம் கூடியிருக்கிறது. உங்கள் முதல் டாக்டர் ரைபோசைக்ளிப்பைச் சொன்னதற்குக் காரணம் இதுதான், அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் இரண்டும் தனித்தனிச் சோதனைகள், சேர்க்கப்பட்ட நோயாளிகளும் வேறு. இந்த எண்ணையும் அந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்க்கக் கூடாது. ஒன்றில் ஆயுள் கூடி மற்றதில் கூடாதது ஏன் என்று புற்றுநோய் மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் ஓய்ந்தபாடில்லை.

பழைய மருந்தாளர், தக்கலை (செவ்வாய், மாலை 6.05)

முப்பது வருஷம் மருந்துக்கடை நடத்தினவன், விலையைப் பத்தி மட்டும் பேசுதேன்.

பால்போசைக்ளிப்புக்கு இந்தியாவுல காப்புரிமை 2023 ஜனவரியோட முடிஞ்சது. அதுக்கு முன்னால ஒரு மாசத்து மருந்து லட்சத்தை ஒட்டி நின்னுது. கடையில வந்து விலையைக் கேட்டுட்டு, சீட்டை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு ஒண்ணும் பேசாம இறங்கிப் போனவங்க முகம் இப்பவும் எனக்கு மறக்கல. காப்புரிமை முடிஞ்சதும் நம்ம நாட்டுக் கம்பெனிங்க பல இறக்கிட்டாங்க, விலை சில ஆயிரத்துக்கு வந்துட்டு. அதே மருந்துதான், பேருதான் வேற. ரைபோசைக்ளிப் அப்படி இல்ல, அது காப்புரிமையோட வருது.

இன்னொண்ணு. அட்டையில அச்சடிச்ச விலையும் கடைக்காரன் வாங்குற விலையும் ஒண்ணு இல்ல. புற்றுநோய் மருந்துல இந்த இடைவெளி ரொம்பப் பெரிசு. 2019-ல மத்திய அரசு 42 புற்றுநோய் மருந்துக்கு வியாபார லாபம் 30 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு கட்டுப்படுத்தினதே இதனாலதான். ஆஸ்பத்திரிக்குள்ள உள்ள பார்மசியில அச்சடிச்ச விலைக்கே கொடுப்பாங்க. சீட்டை வாங்கிட்டு வெளியில நாலு மொத்தக் கடையில விசாரிங்க. அதுக்காக பில் இல்லாம, பேட்ச் நம்பர் இல்லாம யாராவது குறைச்சுத் தாறேன்னு சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

பறக்கைக்காரர் (செவ்வாய், இரவு 9.50)

படிச்சுக்கிட்டே வந்தேன், நெஞ்சு பொறுக்கல. பெத்த தாய்க்கு மாசக் கணக்கா பார்ப்பாங்க? 12 மாசம் கூடுதலா இருப்பான்னா அந்த 12 மாசத்துக்கு விலை யாரு போட முடியும்? பேத்தி ருதுவாகுறதைப் பார்ப்பா, ஒரு ஓணம், ஒரு பொங்கல் இருப்பா. என் சகோதரிக்கு நாங்க பார்க்காத கணக்கு. விக்க வேண்டியதை வித்தோம். வருத்தம் இல்ல.

கணக்காய்வு (செவ்வாய், இரவு 11.30)

ஐயா, உங்கள் சகோதரிக்காக நீங்கள் செய்ததை யாரும் குறை சொல்ல முடியாது. நான் சொல்லும் கணக்கு அம்மாவின் உயிருக்குப் போடும் விலை அல்ல. அரசு ஒரு மருந்தை எல்லாருக்கும் வாங்கிக் கொடுக்கலாமா, என்ன விலைக்கு வாங்கலாம் என்று முடிவெடுக்க உதவும் கணக்கு அது. ஒரு மருந்தால் கூடும் ஆயுளை, அந்த ஆயுளின் தரத்தோடு பெருக்கி, ஒரு நல்ல வருஷத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பார்கள். படுக்கையில் கிடக்கும் ஒரு வருஷத்துக்கு முழு மதிப்பு கிடையாது, நடமாடும் வருஷத்துக்கு உண்டு. நம் நாட்டில் இப்படி மதிப்பிட மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் 2017-ல் ஒரு அமைப்பே வந்துவிட்டது. ஒரு நல்ல வருஷத்துக்கான செலவு தலைக்கு வரும் தேசிய வருமானத்துக்குள், அதாவது சுமார் 2 லட்சம் ரூபாய்க்குள், நின்றால் ஏற்கத்தக்கது என்பது இங்கே வழக்கமாக எடுக்கும் அளவு.

இப்போது பாருங்கள். 2022-ல் பக்கத்திலேயே, கேரள உயர் நீதிமன்றத்தில், மார்பகப் புற்று வந்த ஒரு பெண்மணி ரைபோசைக்ளிப்பைப் பிற கம்பெனிகளும் தயாரிக்க அரசு கட்டாய உரிமம் கொடுக்க வேண்டும் என்று வழக்குப் போட்டார். மருந்துக்கு மட்டும் மாதம் 58,140 ரூபாய் ஆகிறது என்று மனுவில் சொல்லியிருந்தார். வழக்கு முடியுமுன் அவர் இறந்துவிட்டார். நீதிமன்றம் வழக்கைக் கைவிடாமல் தானாகவே எடுத்து நடத்தியது. அந்த விலையில் இரண்டு வருஷம் சாப்பிட்டால் 13,95,360 ரூபாய். கூடுவது நடுமதிப்பில் ஒரு வருஷம். 2 லட்சம் என்ற அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. இதை வைத்து மருந்து மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். விலைதான் மோசம். பால்போசைக்ளிப் விலை விழுந்த அன்றைக்கு அந்த மருந்துக்குள் ஒரு அணுவும் மாறவில்லை, கணக்கு மட்டும் தலைகீழாக மாறிவிட்டது.

நிலத்தை விற்கும் குடும்பத்துக்கு இந்த 2 லட்சம் அளவுகோல் எதையும் சொல்லாது. அங்கே கேள்வி வேறு: நிலம் போன பிறகு, மருந்து வேலை செய்யாமல் போனால், அடுத்த கட்ட மருந்துக்கு என்ன இருக்கும்?

அருமனைநர்ஸ் (புதன், அதிகாலை 4.40)

நைட் ஷிப்ட் முடிஞ்சு எழுதுறேன். இங்க இங்கிலாந்துல அரசுதான் மருந்து வாங்கிக் கொடுக்குது, நோயாளி பைசா கொடுக்க வேண்டாம். அதனால எந்த மருந்தை வாங்கலாம்னு நைஸ்னு ஒரு அமைப்பு கணக்குப் போட்டுச் சொல்லும். ஒரு நல்ல வருஷத்துக்கு 20,000-ல இருந்து 30,000 பவுண்டுன்னு அவங்க அளவு வச்சிருந்தாங்க.

பெர்டுசுமாப்னு ஹெர்-2 பாசிட்டிவ் ஆட்களுக்கு ஒரு ஊசி. ஹெர்-2-வைத் தடுக்கிற பழைய ஊசியான டிராஸ்டுசுமாப், கீமோவோட இதையும் சேர்த்தா ஆயுள் 40.8 மாசத்துல இருந்து 56.5 மாசமாச்சு. அவ்வளவு நல்ல மருந்து. ஆனா கணக்குப் போட்டவங்க சொன்னது, கம்பெனி இதை இலவசமாக் கொடுத்தாலும் அளவுக்குள்ள வராதுன்னு! முதல்ல எனக்குப் புரியவே இல்ல. பிறகுதான் விளங்கிச்சு. இந்த ஊசியால ஆள் கூடுதல் காலம் நோய் முற்றாம இருக்காங்க, அந்தக் காலம் முழுக்க விலை கூடின டிராஸ்டுசுமாப் ஊசியும் தொடர்ந்து போடணும், ஸ்கேன் எடுக்கணும். மருந்து நல்லா வேலை செய்யுறதே செலவைக் கூட்டுது. கடைசியில 2018-ல கம்பெனி விலையில இறங்கி வந்து பேசி ஒப்பந்தம் ஆன பிறகுதான் நைஸ் ஒத்துக்கிட்டுது.

தம்பி, உங்களுக்கு நான் இதைச் சொல்லக் காரணம், மாத்திரை விலையை மட்டும் பார்க்காதீங்க. பால்போசைக்ளிப் ஆரம்பிச்சா முதல் ரெண்டு சுற்றுலயும் பாதியில ஒரு தடவை, பிறகு ஒவ்வொரு சுற்று தொடங்கும்போதும் ரத்த அணு எண்ணிக்கை பார்க்கணும். வெள்ளை அணு குறையும், அப்பம் டாக்டர் அளவைக் குறைப்பாரு. ரைபோசைக்ளிப்னா இசிஜியும் எடுக்கணும். ஒரு சுற்றுன்னா மாத்திரை 21 நாள், 7 நாள் இடைவெளி. வண்டிக்கூலி, லேப் செலவு, நீங்க பால் வெட்டாம விட்ட நாளோட கூலி, எல்லாம் ஒரு தாள்ல எழுதுங்க. அதான் உங்க வீட்டுக் கணக்கு.

கடற்கரைஅக்கா, குளச்சல் (புதன், காலை 10.15)

நான் நோயாளிதான். ஹெர்-2 பாசிட்டிவ், ஈரல்ல பரவி மூணு வருஷம் ஆகுது, இன்னும் மீன் ஏலத்துக்குப் போறேன். டிராஸ்டுசுமாப் ஊசி மூணு வாரத்துக்கு ஒரு தடவை. 2014-ல இருந்து நம்ம நாட்டுலயே இந்த ஊசி தயாராகுது. அது மட்டும் இல்லைன்னா நான் இதை எழுத இருக்க மாட்டேன்.

ஒரு விஷயம் எங்க வார்டு சிஸ்டர் சொல்லித் தந்தது, எல்லாருக்கும் சொல்லணும். குப்பி 440 மில்லிகிராம். என் எடை 55 கிலோ. முதல் ஊசி கிலோவுக்கு 8 வீதம், சரியா 440. அடுத்ததுல இருந்து கிலோவுக்கு 6, அதாவது 330. ஒவ்வொரு தடவையும் 110 மிச்சம். கூட வர்ற கரைப்பு நீர்ல கலக்கி, 2-ல இருந்து 8 டிகிரி குளிர்ல வச்சா 28 நாள் வரை பயன்படுத்தலாம்னு மருந்துக்கூடவே எழுதியிருக்கு. நாலு ஊசிக்கு நாலு குப்பி வாங்குறதுக்குப் பதில் மூணு குப்பி போதும். முதல்ல போன ஒரு ஆஸ்பத்திரியில மிச்சத்தைக் கொட்டிட்டாங்க, நான் பார்த்துக்கிட்டே நின்னேன். அடுத்த இடத்துல ஆஸ்பத்திரி பிரிட்ஜ்லயே பேரு, தேதி எழுதி வச்சுத் தாறாவ. வீட்டு பிரிட்ஜ்ல வைக்கிற வேலை வேண்டாம், கேட்டியளா. ஆஸ்பத்திரியில கேளுங்க.

இப்பம் டாக்டர் டெரக்ஸ்டெகான் சேர்த்த புது ஊசியைப் பத்திச் சொல்லுதாரு. அதைப் பத்தித் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்காய்வு (புதன், மதியம் 1.20)

அக்கா, நீங்கள் சொன்ன மூன்று குப்பிக் கணக்கை நான் வகுப்பில் சொல்லப்போகிறேன். ஒரே மருந்து, ஒரே பலன், நாலில் ஒரு பங்கு செலவு மிச்சம்.

டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான், அதாவது டிராஸ்டுசுமாப்போடு ஒரு கீமோ மருந்தை இணைத்த ஊசி, ஹெர்-2 பாசிட்டிவ் நோயில் நன்றாக வேலை செய்யும் மருந்துதான். ஹெர்-2 குறைவாக உள்ளவர்களிடமும் 2022-ல் வந்த சோதனையில் ஆயுள் 16.8 மாதத்திலிருந்து 23.4 ஆனது. நம் நாட்டில் 2024 ஜூலை பட்ஜெட்டில் இதற்குச் சுங்க வரியை முழுக்க நீக்கினார்கள், பிறகு ஜிஎஸ்டியை 12-லிருந்து 5 சதவீதமாக்கினார்கள். அப்படியும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலை. இங்கிலாந்திலேயே ஹெர்-2 குறைவானவர்களுக்கு இதை 2024-ல் நைஸ் ஏற்கவில்லை. அளவு கிலோவுக்கு 5.4 மில்லிகிராம், குப்பி 100. உங்கள் 55 கிலோவுக்கு 297, மூன்று குப்பி. 58 கிலோ ஆனால் 313, நாலாவது குப்பியை உடைக்க வேண்டும். அந்த இடத்தில் அளவைக் கொஞ்சம் குறைத்து முழு எண்ணாக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை, பல நாடுகளில் செய்கிறார்கள். இதே மாதிரி இணைத்த, அதற்கு முந்திய டிடிஎம்1 என்ற ஊசிக்கு 2021-லிருந்து இந்தியக் கம்பெனி மருந்து இருக்கிறது. அதையும் கேளுங்கள்.

பறக்கைக்காரர் (புதன், மாலை 4.00)

நேத்து கொஞ்சம் சூடாப் பேசிட்டேன், மன்னிக்கணும். இந்தக் குப்பி விஷயம் எங்களுக்கு யாரும் சொல்லல. என் சகோதரிக்கு 14 தடவை அந்த ஊசி போட்டோம். ஒவ்வொரு தடவையும் முழுக் குப்பி.

தோட்டத்துமகன் (புதன், இரவு 8.30)

பறக்கை அண்ணாச்சி, மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீங்க எழுதினதைப் படிச்சிட்டு அழுதேன்.

கணக்காய்வு அண்ணே, ஒரு கேள்வி. இப்பம் லெட்ரோசோல் மட்டும் கொடுத்துட்டு, நோய் கூடினா அப்பம் இந்த மாத்திரையை ஆரம்பிக்கலாமா? அப்படின்னா பைசா கொஞ்சம் சேர்த்து வைக்கலாம்.

கணக்காய்வு (புதன், இரவு 10.10)

நெதர்லாந்தில் 1,050 பெண்களிடம் இதையேதான் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு முதலிலேயே இந்த வகை மாத்திரை, பாதிப் பேருக்கு முதல் மருந்து பலிக்காமல் போன பிறகு. இரண்டாவது மருந்தும் தோற்கும்வரை எண்ணிய மொத்தக் காலத்தில் பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை, ஆயுளிலும் இல்லை. முதலிலேயே ஆரம்பித்தவர்கள் அந்த மாத்திரையை 16.5 மாதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், பக்க விளைவும் செலவும் கூட. அமெரிக்க விலையில் ஆளுக்கு 2 லட்சம் டாலர் கூடுதல். நாட்டுக்கே சேமிப்பு என்று பெரிதாகப் பேசப்பட்டது.

அருமனைநர்ஸ் (வியாழன், காலை 6.20)

இதுல நான் மாறுபடுறேன். அந்தச் சோதனையில பத்துல ஒன்பது பேருக்கும் மேல சாப்பிட்டது பால்போசைக்ளிப். ரைபோசைக்ளிப்புக்கு அது அப்படியே பொருந்தும்னு யாரு சொல்ல முடியும்? அதை விடுங்க, அது நெதர்லாந்து. நோய் கூடுதா இல்லையான்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிற நாடு. நம்ம ஊர்ல வலி வந்து, தைலம் தேய்ச்சு, வைத்தியர்கிட்ட போய், ரெண்டு மாசம் கழிச்சுத்தான் ஸ்கேன். ரெண்டாவது கட்ட மருந்து வரைக்கும் வராமலே போறவங்க எத்தனை பேர்! பால்போசைக்ளிப் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிற ஊர்ல, தள்ளிப் போட்டு மிச்சம் பிடிக்கிற பைசாவும் குறைவு. விலை கூடினா தள்ளிப் போடலாம், விலை குறைஞ்சா முதல்லயே கொடுக்கலாம்னுதான் என் எண்ணம்.

கணக்காய்வு (வியாழன், காலை 9.00)

ஒத்துக்கொள்கிறேன். சோதனை நடந்த நாட்டின் விலையில் சரியான முடிவு நம் விலையில் மாறிவிடும். இதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

பழைய மருந்தாளர் (வியாழன், மதியம் 12.40)

எலும்புல பரவினதுக்கு, எலும்பைக் காக்கிற சோலிட்ரானிக் அமில ஊசி எழுதியிருப்பாங்க. மாசத்துக்கு ஒண்ணா, மூணு மாசத்துக்கு ஒண்ணான்னு கேளுங்க. 2017-ல வந்த பெரிய சோதனையில 12 வாரத்துக்கு ஒண்ணு போட்டாலும் மாசா மாசம் போட்டதுக்குக் குறைஞ்சு போகல. வருஷத்துக்கு எட்டு ஒன்பது தடவை போக்குவரத்து மிச்சம். ஊசிக்கு முன்னால பல் டாக்டரைப் பார்த்திடுங்க, அந்த ஊசியால தாடை எலும்புக்குக் கேடு வராம இருக்க.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா? வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருந்தா கிராம நிர்வாக அலுவலர்கிட்ட வருமானச் சான்று வாங்கிக்கிட்டு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்குப் போங்க. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். இந்த மாத்திரை அதுல வருமான்னு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல காப்பீட்டு மேசையில கேட்டுட்டு, பிறகு பைசா எடுங்க. கேரளாவுல 2024 ஆகஸ்டுல இருந்து அரசு நடத்துற காருண்யா பார்மசிகள்ல லாபம் வைக்காம புற்றுநோய் மருந்து கொடுக்காங்க. திருவனந்தபுரம் ஆர்சிசிக்கு (மண்டலப் புற்றுநோய் மையம்) போறதா இருந்தா அங்கயும் விலை கேட்டு வச்சுக்கோங்க.

விளவங்கோடு மருமகள் (வியாழன், மாலை 5.15)

இடையில் கேட்கிறேன். என் நாத்தனாருக்கு 43 வயசு, இதே வகை, மாதவிடாய் நிற்கவில்லை. மாதாமாதம் வயிற்றில் ஒரு ஊசி போடச் சொல்கிறார்கள். அந்தச் செலவே பெரிதாக இருக்கிறது.

அருமனைநர்ஸ் (வியாழன், இரவு 11.55)

அது சினைப்பை ஹார்மோன் சுரக்காம நிறுத்தி வைக்கிற ஊசி. அதுக்குப் பதிலா சினைப்பையை ஆபரேஷன்ல எடுத்துட்டா ஒரே தடவையோட முடிஞ்சுது, அதே பலன். இனி குழந்தை வேண்டாம்னு அவங்களே முடிவு பண்ணணும். பக்கத்துல இருந்து யாரும் அவசரப்படுத்தாதீங்க.

தோட்டத்துமகன் (பதினெட்டு நாள் கழித்து, ஞாயிறு, இரவு 9.35)

எல்லாரும் எழுதினதைத் தாள்ல எழுதி எடுத்துட்டு திருவனந்தபுரத்துல டாக்டர்கிட்ட போனேன். கோவப்படுவாருன்னு பயந்தேன். ஒவ்வொண்ணா வாசிச்சு, பதில் சொன்னாரு. ரைபோசைக்ளிப் கொடுக்க முடிஞ்சா அதைத்தான் கொடுப்பேன், ஆனா நாலு மாசம் வாங்கி அஞ்சாவது மாசம் நிறுத்துறதுக்கு, நிறுத்தாம வாங்க முடியுற பால்போசைக்ளிப் மேலன்னு சொன்னாரு. நம்ம நாட்டுக் கம்பெனி மருந்துதான். ரெண்டு பேரு எழுதித் தந்தாரு, நாலு கடையில கேட்டேன். ஒரே மருந்துக்கு நாலு விலை. சோலிட்ரானிக் 12 வாரத்துக்கு ஒண்ணு. வலி இருக்க இடத்துக்கு ஒரு நாள் கதிர்வீச்சு கொடுத்தாவ, அம்மை இப்பம் ராத்திரி உறங்குதாவ.

காப்பீட்டு அட்டைக்கு எழுதிக் கொடுத்திருக்கு. ரத்தப் பரிசோதனைக்கு திருவனந்தபுரம் வர வேண்டாம், மார்த்தாண்டத்துல எடுத்து வாட்சாப்ல அனுப்பினா போதும்னு டாக்டரே சொல்லிட்டாரு. நான் வெட்டு முடிச்சிட்டுக் கூட்டிட்டுப் போலாம், கூலி போகாது.

அம்மை மாத்திரை விலையைக் கேட்டாவ. உள்ளதைச் சொன்னேன். அப்பம் நிலம்? அப்படின்னாவ. இருக்குன்னு சொன்னேன்.

முதல் சுற்றுல பதினாலாம் நாள் ரத்தம் எடுக்குறது வர்ற வியாழக்கிழமை. எண்ணிக்கை வந்ததும் இங்க போடுறேன், அருமனை அக்கா பார்த்துச் சொல்லணும்.